நடு வரி பிறந்த கதை

1962. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக எம்.ஐ.டி. ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு துளை அட்டையைக் கணினி மையத்தில் சேர்த்துவிட்டுப் போனார். இன்ன கணக்கிலுள்ள இன்ன கோப்பை அச்சடித்துத் தரவும் என்ற சாதாரண விண்ணப்பம் அது. எத்தனையோ அட்டைகளில் அதுவும் ஒன்று என்பதால் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இயந்திரமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக ஷெர் திரும்பி வந்தார். அச்சான தாள்களைப் போட்டு வைக்கும் அலமாரியைத் திறந்து, எம்1416 என்று எழுதிய உறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை உருவிக்கொண்டு நடையைக் கட்டினார். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருந்த அத்தனை பேரின் கடவுச்சொற்களும் இப்போது அவர் கக்கத்தில் இருந்தன.

ஷெர் பரம்பரைத் திருடர் இல்லை. அவருடைய கஷ்டம் வேறு. வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் அவருக்குக் கணினி கிடைக்கும். ஆய்வுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அடுத்தவர் பெயரில் நுழைந்தால் அடுத்தவர் நேரத்தையும் தின்னலாம். அவ்வளவுதான் கணக்கு. பழி தன் ஒருவன் தலையில் விழக் கூடாது என்று அந்தப் பட்டியலைச் சகாக்கள் சிலருக்கும் கொடுத்து வைத்தார். அதில் ஒருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர். பின்னாளில் இணையத்துக்கு விதை போட்டவர் என்று வரலாறு கொண்டாடிய அதே பெரிய மனிதர்! அவர் என்ன செய்தார் தெரியுமோ தெரியாதோ, ஆய்வகத் தலைவர் ராபர்ட் ஃபானோவின் கணக்கிலேயே நுழைந்து கிண்டல் குறிப்புகளை எழுதி வைத்துவிட்டு வந்தார். ஷெர் வாய் திறந்தது கால் நூற்றாண்டு கழித்து. அவருடைய முனைவர் பட்டம் பறிபோகாது என்று ஃபானோ உறுதி கொடுத்தார். ஆனால் பூட்டு போட்ட அறைக்குள்ளிருந்து தாள் எப்படி வெளியே வந்தது என்பதுதான் விஷயம்.

அந்தப் பூட்டைப் போட்டவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. அதுவரை கணினி என்றால் ஒரு நேரத்தில் ஒருவர் வேலை. மற்றவர் வரிசையில் காத்திருக்க வேண்டும். 1961 நவம்பரில் கோர்பட்டோவும் அவருடைய குழுவும் ஐ.பி.எம். 709 இயந்திரம் ஒன்றில் நான்கு முனையங்களை இணைத்து, நான்கு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்வதைக் காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். இயந்திரம் ஆளுக்கொரு நொடித் துளியாகத் தன்னைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தது. நேரம் பங்கானதும் இடமும் பங்காயிற்று. எல்லோருடைய கோப்புகளும் ஒரே வட்டில் வந்து குவிந்தன. கூட்டுக் குடும்பத்து அடுக்களை மாதிரி. யார் டப்பா யாருடையது என்ற சண்டை வரும் முன்பே ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்துவிடலாம் என்று கோர்பட்டோ முடிவெடுத்தார். சுலபமான யோசனைதான். ஆனால் வாசலில் பூட்டியவர் கொல்லைக் கதவை மறந்தார். அச்சடித்துத் தரும் சேவைக்கு எல்லாக் கோப்பும் திறந்தே கிடந்தது. கேட்பவர் யார், அவருக்கு இது உரியதா என்று அது பார்க்கவில்லை. உள்ளே வந்தவர் யார் என்பது ஒரு கேள்வி, வந்தவர் எதைத் தொடலாம் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியின் கனம் புரிய இன்னொரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது.

அது 1966-இல் வந்தது. சி.டி.எஸ்.எஸ்.ஸில் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதலில் ‘இன்றைய செய்தி’ என்று ஒரு சின்ன அறிவிப்பு அச்சாகும். அன்று மாலை நுழைந்தவர்களின் முனையங்களில் அறிவிப்புக்குப் பதிலாக வேறு ஏதோ ஓடத் தொடங்கியது. ஒரு பெயர், ஒரு சொல். அடுத்த பெயர், அடுத்த சொல். கடவுச்சொல் பட்டியல் முழுவதும், கேட்காமலே, நுழைந்தவர் எல்லோருக்கும்.

இந்த முறை திருடர் யாரும் இல்லை. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இன்றைய செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே கோப்புறைக்குள். அவர்கள் பயன்படுத்திய திருத்தி, வேலை நடக்கும்போது தற்காலிகமாக ஒரு நகலை எழுதி வைக்கும். அந்த நகலுக்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒரு கோப்புறைக்கு ஒரே ஆள் என்று நினைத்து எழுதிய நிரல் அது. பெயர் மோதும் என்று யாரும் கனவு காணவில்லை. இடையில் நிர்வாக வேலை பெருகியதால் ஒன்றுக்கு மேற்பட்டவர் ஒரே கோப்புறையில் நுழைய வழி செய்திருந்தார்கள். ஒருவருடைய நகலின் மேல் மற்றவருடைய நகல் ஏறியது. இன்றைய செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொற்கள் போய் உட்கார்ந்தன.

பில் மேத்யூஸ் என்ற பயனர் இதைப் பார்த்தார். நிர்வாகியைத் தேடி ஓட நேரமில்லை. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் சிலர் நுழைவார்கள். அவருக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. கணினியை முடிவில்லாச் சுழலில் சிக்க வைக்கும் ஒரே ஒரு கட்டளை. அதைத் தட்டினார். மொத்த இயந்திரமும் கவிழ்ந்தது. ஊரில் தீ பரவாமல் இருக்க முதல் கூரையைப் பிய்த்துப் போட்ட கதைதான். மணி மாலை ஐந்து. நிர்வாகத்தைக் கவனித்த டாம் வான் வ்ளெக் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், பல மணி நேரம் உட்கார்ந்து எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியதாயிற்று. பூட்டு ஒன்றும் உடையவில்லை. சாவியும் திருடு போகவில்லை. ஒரே அறையில் இருவர் வேலை செய்தால் யார் எதைத் தொடலாம் என்று எழுதி வைக்காததுதான் கோளாறு. எழுதி வைக்கத் தயாரானவர்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற மாபெரும் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தன. 1965-லேயே அதன் வரைபடம் வெளியாகியிருந்தது. ஒவ்வொரு கோப்பின் கழுத்திலும் ஒரு பட்டியல் தொங்கும்: இன்னாருக்குப் படிக்க மட்டும், இன்னாருக்கு எழுதவும், இன்னாருக்கு ஒன்றுமில்லை. ஒருவருடைய பெயரோடு அவர் வேலை செய்யும் திட்டத்தின் பெயரையும் ஒட்ட வைத்தார்கள். பெயர் இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ‘அந்தத் திட்டத்தில் இருக்கும் யாராயினும்’ என்று பொருள். ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்லிச் சாவி கொடுக்கும் யோசனைக்கு அந்த நட்சத்திரத்தில் நல்ல உருவம் கிடைத்தது. ஆனால் மல்டிக்ஸ் கோவில் கோபுரம் மாதிரி எழும்பிக்கொண்டே போனது, குடமுழுக்குத்தான் நடக்கவில்லை. 1969-இல் பொறுமை இழந்த பெல் ஆய்வகம் கையை உதறிவிட்டு வெளியேறியது. மல்டிக்ஸ் கனவில் ஊறிய இளைஞர்கள் சிலர் திடீரென்று கையில் வேலை இல்லாமல் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் கென் தாம்ப்ஸன். ஆய்வக மூலையில் அதிகம் யாரும் சீண்டாத பி.டி.பி.-7 என்ற சின்னக் கணினி ஒன்று கிடந்தது. அந்தக் கோடையில் அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்களைப் பார்க்க மூன்று வாரம் ஊருக்குப் போனார். அந்த மூன்று வாரத்தில் தாம்ப்ஸன் ஒரு இயக்க அமைப்பின் எலும்புக்கூட்டை நிறுத்திவிட்டார். டென்னிஸ் ரிட்சி துணைக்கு வந்தார். அது யூனிக்ஸ் ஆயிற்று. (ஊருக்குப் போன மனைவிமார்களால் உலகத்துக்கு விளைந்த நன்மைகளை யாராவது தனியாகத் தொகுக்கலாம்.)

சின்னக் கணினியில் மல்டிக்ஸின் நீளப் பட்டியலுக்கு இடம் ஏது? ஒவ்வொரு கோப்புக்கும் சில பிட்டுகளை மட்டுமே ஒதுக்கினார்கள். பிட் என்பது ஆம் அல்லது இல்லை, அவ்வளவே. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டில் ஆறு பிட்டுகள் இருந்தன. உடைமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா. இந்தக் கோப்பை இயக்கலாமா. இயக்கும்போது உடைமையாளரின் அதிகாரம் கிடைக்குமா. உலகம் இரண்டே கட்சிகளாகப் பிரிந்திருந்தது: நான், மற்றவர். நடுவில் யாருமே இல்லை.

ஒரே அறையில் நாலைந்து சிநேகிதர்கள் மட்டும் வேலை செய்யும்வரை அந்தப் பிரிவினை போதுமானதாக இருந்தது. பெரிய கணினி வாங்க மேலிடம் பணம் தராததால், காப்புரிமைப் பிரிவின் ஆவணங்களைத் தட்டச்சு செய்ய உதவும் என்று சொல்லித்தான் அவர்கள் புது பி.டி.பி.-11 வாங்கியிருந்தார்கள். வாக்குக் கொடுத்தபடி தட்டச்சாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதன்பின் மற்றப் பிரிவுகளும் வந்தன. இப்போது ஒரு ஆவணத்தைப் பக்கத்து மேசைக்காரர் திருத்த வேண்டும், பக்கத்து அறைக்காரர் திருத்தக் கூடாது என்றால் என்ன செய்வது? ‘மற்றவர்’ என்று திறந்தால் ஊருக்கே திறந்தது போல. மூடினால் தோழருக்கும் சேர்த்து மூடியது போல. ஒரு கதவு குறைந்தது.

அந்தக் கதவு சத்தமில்லாமல் வந்தது. 1974-இல் தாம்ப்ஸனும் ரிட்சியும் எழுதிப் புகழ்பெற்ற யூனிக்ஸ் கட்டுரையில் பாதுகாப்புப் பிட்டுகள் ஏழு. அப்போதும் உடைமையாளரும் மற்றவரும்தான். அதே கட்டுரையின் திருத்திய வடிவம் 1978-இல் வெளிவந்தபோது எண்ணிக்கை பத்து. உடைமையாளரின் அதிகாரம் தரும் பழைய பிட் ஒன்று, உடைமையாளருக்கு மூன்று, மற்றவருக்கு மூன்று, இரண்டுக்கும் நடுவே புதிதாக மூன்று. அந்த நடு வரிக்குக் குழு என்று பெயர் வைத்தார்கள். படிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று என்று கூட்டினால் ஏழு. 770 என்று எழுதினால் எனக்கு எல்லாம், என் குழுவுக்கு எல்லாம், மற்றவருக்குக் கைவிரிப்பு. மூன்றே இலக்கத்தில் ஒரு அலுவலகத்தின் மொத்த அரசியலும் அடங்கியது.

பிட்டை விடச் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருந்தது. குழுவில் யார் யார் என்பதைக் கோப்பின் மேல் எழுதவில்லை. தனியாக ஒரு சிறு பட்டியல், குழுவுக்கு ஒரு வரி, அந்த வரியில் உறுப்பினர் பெயர்கள். ஆயிரம் கோப்பு இருந்தாலும் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஒரு வரியில் அவர் பெயரை அடித்தால் போதும். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் அந்த ஒரு வரிதான். ஆனாலும் நாயகனுக்கு ஒரு ஊனம் இருந்தது: ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும். இன்னொரு குழுவின் வேலை என்றால் கட்டளை கொடுத்துத் தொப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும். 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பு ஒருவரை ஒரே சமயத்தில் பல குழுக்களில் உட்கார வைத்தது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அதற்குள் மேசைக்கு மேசை தனிக் கணினி வந்துவிட்டது. பங்கு போட வேண்டிய அவசியமே போய்விட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு பொருளின் விலை மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஹார்ட் டிஸ்க். தனிக் கணினிக்கு இணையான விலை சொன்னார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நொடித்துக்கொண்டிருந்த நோவெல் என்ற கணினிக் கம்பெனி 1981-இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படித்த ட்ரூ மேஜர், டேல் நெய்பாவர், கைல் பவல் மூவரையும் வேலைக்கு எடுத்தது. பல கணினிகளும் ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்த வழி சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

அந்தக் காலத்துப் பங்கீட்டில் பழைய பேய் ஒன்று குடியிருந்தது. எந்த இடம் காலி என்ற பதிவேட்டின் நகலை ஒவ்வொரு கணினியும் தன்னிடமே வைத்திருக்கும். இரண்டு கணினிகள் ஒரே காலி இடத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் மேல் ஒன்று விழும். 1966 வெள்ளிக்கிழமையேதான், வேறு சட்டையில். மூவரும் டிஸ்க்கைத் தொடும் உரிமையை ஒரே ஒரு கணினிக்கு மட்டும் வைத்தார்கள். மற்றவை கேட்க வேண்டும். அது எடுத்துக் கொடுக்கும். எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாக வந்ததும், வாசல்காரர் ‘நீ யார், எந்தக் குழு’ என்று கேட்க வசதியாயிற்று. 1983-இல் அது நெட்வேர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பின்னாலேயே பயனர்கள், குழுக்கள், எட்டு வகை உரிமைகள் என்று அதன் பதிவேடு தடித்தது. வலைப்பின்னலைச் சோதிக்க மூவரும் ஸ்னைப்ஸ் என்று ஒரு சுடும் விளையாட்டையும் எழுதி வைத்தார்கள். வேலை நேரத்தில் அதை விளையாடாத அலுவலகம் குறைவு. நம் ஊர்க் கணினிப் பயிற்சி மையங்களின் பலகைகளில் 90-களில் நெட்வேர் என்ற சொல் தவறாமல் தொங்கியது. ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் சரக்கு. சிறு கம்பெனிக்கு எட்டாத உயரம். ஏணி ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டியிருந்தது.

1991 டிசம்பர், கான்பெரா. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லுக்குத் தன் தனிக் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை எடுக்க வேண்டியிருந்தது. கம்பியில் ஓடும் செய்திகளை ஒட்டுக் கேட்டு, எதிர்ப்பக்கம் என்ன பதில் சொல்கிறது என்று கவனித்து, அதே பதிலைச் சொல்லும் நிரல் ஒன்றை எழுதினார். ஐ.பி.எம்.மின் பேரி ஃபெய்கன்பாம் 1983-இல் வகுத்த எஸ்.எம்.பி. என்ற முறைக்குத்தான் தாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது! நிரலை இலவசமாக வெளியிட்டார். பிறகு கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அதை மறந்தே போனார். மனைவியின் கணினியை, லினக்ஸ் என்ற இயக்க அமைப்பில் ஓடிய தன் கணினியோடு இணைக்க வேண்டி வந்த ஒரு நாளில்தான் பழைய நிரல் நினைவுக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தார். ஓடியது. அப்புறம் விடவில்லை. வைத்திருந்த பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கொண்டாடியதால் 1994-இல் புதுப் பெயர் தேட வேண்டியதாயிற்று. கணினிக்குள் இருந்த அகராதியில் எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். வந்த நாலைந்தில் ஒன்று ஒரு பிரேசில் நடனத்தின் பெயர். சம்பா.

லினக்ஸ், சம்பா இரண்டும் இலவசம். இரண்டையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, ஒரு வலைக் கம்பியை மாட்டினால் போதும் என்று தைவான் உள்ளிட்ட இடங்களில் சில கம்பெனிகள் கண்டுகொண்டன. பெட்டி மலிந்தது. கப்பல் ஏறியது.

அமராவதிக் கரையில், மடத்துக்குளம் வட்டத்துக் கணியூரில் ஒரு பனியன் யூனிட்டில் அந்தப் பெட்டியை நான் பார்த்தேன். கரும்பும் தென்னையும் நெல்லும் சூழ்ந்த ஊர். பெயரிலேயே கணி இருக்கிறது. காரணம் வேறாக இருந்தாலும் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. ஆபீஸ் அறையில் இரும்பு பீரோவின் மேல் யு.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. செங்கல் அளவுதான் இருந்தது. பின்பக்கத்து விசிறியில் பஞ்சுத் தூசி பூனை ரோமம் மாதிரி படிந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பவர் டேபிள் மெஷின்கள் இரைந்தன. அங்கே அதற்கு ‘சர்வர்’ என்று பெயர்.

உடுமலையிலிருந்து வந்த சிஸ்டம் தம்பி அன்று அதற்கு யூசரும் குரூப்பும் போட்டுக்கொண்டிருந்தார். யூனிட்காரர் அலட்டிக்கொள்ளவில்லை.

“எல்லாத்துக்கும் எல்லாத்தையும் தொறந்து உட்ருங்க தம்பி. நம்ம ஆளுங்கதானுங்க.”

“வேண்டாமுங்கண்ணா. அப்பறம் மெஷர்மென்ட் சீட்டை யாரு மாத்துனாங்கன்னே தெரியாதுங்க.”

தம்பி கணினியைத் தொடவே இல்லை. ஒரு பழைய கட்டிங் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டார். இடப்பக்கம் ஃபோல்டர்கள்: பையர் வாரியாக டெக் பேக் என்ற உடை விவரக் கோப்பு, பேட்டர்ன், மார்க்கர் என்ற வெட்டு வரைபடம், காஸ்டிங், சம்பளம். மேலே குரூப்கள்: மெர்ச்சண்டைசிங், பேட்டர்ன், கட்டிங், அக்கவுண்ட்ஸ். ஆள் பெயர் ஒன்றுகூட எழுதவில்லை. கட்டங்களில் ‘பா’ என்றால் பார்க்க, ‘மா’ என்றால் மாற்ற, வெற்றுக் கட்டம் என்றால் கண்ணிலேயே படாது. டெக் பேக்கை மெர்ச்சண்டைசிங் மாற்றும், கட்டிங் பார்க்கும். மார்க்கரைப் பேட்டர்ன்காரர் மாற்றுவார், கட்டிங் பார்க்கும். மார்பளவில் ஒரு சென்டிமீட்டரைக் கட்டிங் டேபிளில் யாராவது தெரியாமல் தட்டிவிட்டால் அடுக்கி விரித்த மொத்தத் துணியும் தப்பாக வெட்டுப்படும் என்று அவர் விளக்கியதும் யூனிட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காஸ்டிங் வரிசையில் இரண்டே கட்டம் நிரம்பியது. சம்பளத்தில் ஒன்று.

கட்டம் முடிந்த பிறகுதான் அடியில் ஆட்களை எழுதினார். குரூப்புக்கு ஒரு வரி. பேட்டர்ன் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசர் பெண்ணின் பெயர் இரண்டு வரியில் வந்தது. போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒருவர் பெயரை யூனிட்காரர் பழக்கதோஷத்தில் சொல்ல, தம்பி எழுதி, அடித்தார். ஃபோல்டர்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

“சரிங்க தம்பி, அட்மின் பாஸ்வேர்டை எம்பட போன்ல போட்டு உடுங்க.”

தம்பி தலையைச் சொறிந்தார். சென்ற தீபாவளிக்கு முன்னால் ஒரு பையரின் ஃபோல்டர் முழுவதும் காணாமல் போய், மூன்று நாள் தேடி, இன்னொரு பையரின் ஃபோல்டருக்குள் கிடைத்த கதை அவருக்குத் தெரியும். போனில் விரல் பட்டு இழுத்துப் போட்டவர் யார் என்பதும் தெரியும். பேசாமல் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, பீரோவுக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு தாளின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

முதலாளி: எல்லா ஃபோல்டரும், பா மட்டும்.